சுரங்க நகரிலிருந்து விமானத் தலைமையகம் வரை: ஜேம்ஸ் ஸ்ட்ராங்கின் பாதை ஏர் இந்தியாவுக்குக் கூறுவது என்ன?

ஆஸ்திரேலிய நீதிமன்றங்கள் 2025-ஆம் ஆண்டில் வழங்கிய இரு தீர்ப்புகள் அந்நாட்டின் தொழில்துறையை உலுக்கின. வடக்குப் பிரதேசத்தின் கோவ் தீபகற்பத்தில் பாக்சைட் சுரங்கத்துக்காக நிலம் வழங்கப்பட்டது தொடர்பான வழக்கில், அங்குள்ள பூர்வகுடியினருக்கு இழப்பீடு கோரும் உரிமை உண்டு என அந்நாட்டின் உச்ச அதிகாரம் படைத்த நீதிமன்றம் மார்ச் 12-ஆம் தேதி தீர்ப்பளித்தது. கரோனா காலத்தில் 1,820 தரைப்பணி ஊழியர்களைச் சட்டவிரோதமாக வேலையிலிருந்து நீக்கியதற்காக குவாண்டாஸ் விமான நிறுவனத்துக்கு 9 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்து கூட்டாட்சி நீதிமன்றம் ஆகஸ்ட் 18-ஆம் தேதி உத்தரவிட்டது.

இவ்விரு வழக்குகளுக்கும் இடையே நேரடித் தொடர்பு இல்லை. ஆயினும், இரண்டு களங்களிலும் பணியாற்றிய ஒருவர் இருந்தார். கோவ் சுரங்க நிறுவனத்தில் தொழில் உறவு அலுவலராகப் பணியாற்றி, பின்னர் நாட்டின் சுரங்கத் தொழில் அமைப்புக்குத் தலைமை நிர்வாகியாகி, இறுதியில் குவாண்டாஸை அரசு நிறுவனம் என்ற நிலையிலிருந்து பங்குச்சந்தைக்கு அழைத்துச் சென்ற ஜேம்ஸ் ஸ்ட்ராங்தான் அவர். 2013 மார்ச் 3-ஆம் தேதி, அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய சிக்கல்களால் தமது 68-ஆவது வயதில் அவர் காலமானார்.

இந்தியாவுக்கு அவரது வாழ்க்கை இன்று பொருள்படுவதற்குக் காரணம் உண்டு. அரசின் உள்நாட்டு விமான நிறுவனத்தையும் பன்னாட்டு விமான நிறுவனத்தையும் ஒன்றாக்கி, அதைத் தனியார் வசம் ஒப்படைப்பது என்ற பணியை ஆஸ்திரேலியா மூன்று ஆண்டுகளுக்குள் முடித்தது. அதே பணிக்கு இந்தியா 15 ஆண்டுகள் எடுத்துக்கொண்டது. அந்த வேறுபாட்டின் பின்னணியையும், ஆஸ்திரேலியாவின் வெற்றியிலும் தீராமல் எஞ்சிய சிக்கலையும் ஸ்ட்ராங்கின் பாதை வழியே காண முடிகிறது.

பாக்சைட் நிலத்தில் தொடங்கிய பணி

நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் லிஸ்மோர் நகரில் 1944-ஆம் ஆண்டு பிறந்த ஸ்ட்ராங், சட்டம் பயின்றவர். விமானியாகவோ பொறியாளராகவோ அவர் பயிற்சி பெறவில்லை. நபால்கோ என்ற பாக்சைட், அலுமினா நிறுவனத்தில் தொழிலாளர்களுக்கும் நிர்வாகத்துக்கும் இடையிலான உறவைக் கவனிக்கும் பொறுப்பில் தமது பணி வாழ்வைத் தொடங்கினார்.

கோவ் தீபகற்பத்தில் நபால்கோவின் சுரங்கத்துக்காகவே நுலன்பாய் என்ற நகரம் உருவாக்கப்பட்டது. பெருநகரங்களிலிருந்து வெகு தொலைவில் உள்ள அத்தகைய இடத்தில் வேலைநிறுத்தம் என்பது ஊதியத் தகராறாக மட்டும் நின்றுவிடுவதில்லை. வீடு, பள்ளி, மருத்துவமனை, கடை என அனைத்தும் நிறுவனத்தைச் சார்ந்திருக்கும் ஊரில், ஆலையில் எழும் கசப்பு இல்லங்கள் வரை செல்லும். ஊழியர்களின் மனநிலையை அறியாமல் நிர்வாகம் நடத்த இயலாது என்பதே அத்தகைய ஊர்கள் கற்பிக்கும் முதல் பாடம்.

அந்த நிலத்துக்கு வேறொரு வரலாறும் உண்டு. சுரங்கத்துக்காகத் தங்கள் நிலம் எடுக்கப்படுவதை எதிர்த்து, யிர்கலாவில் வாழும் யோல்ங்கு மக்கள் 1963-ஆம் ஆண்டு மரப்பட்டையில் எழுதிய மனுக்களை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினர். பின்னர் நபால்கோவுக்கும் மத்திய அரசுக்கும் எதிராக அவர்கள் தொடர்ந்த வழக்கு 1971-ஆம் ஆண்டு தள்ளுபடி செய்யப்பட்டது. எனினும், அத்தோல்வி எழுப்பிய விவாதமே வடக்குப் பிரதேசத்துக்கான 1976-ஆம் ஆண்டின் பூர்வகுடி நில உரிமைச் சட்டத்துக்கு வழிவகுத்தது.

குமாஜ் குலத்தின் சார்பில் அதன் தலைவர் கலர்வுய் யுனுபிங்கு 2019-ஆம் ஆண்டு தாக்கல் செய்த மனுவின் மீதுதான் 2025 மார்ச் மாதத் தீர்ப்பு வந்தது. அத்தீர்ப்பைக் காண அவர் உயிருடன் இல்லை. 2023-ஆம் ஆண்டு அவர் காலமாகிவிட்டார். அந்த வழக்கு மத்திய அரசுக்கு எதிரானதே அன்றி, சுரங்க நிறுவனத்துக்கு எதிரானது அன்று. ஆனால், மரப்பட்டை மனுவுக்கும் இந்தத் தீர்ப்புக்கும் இடைப்பட்ட 62 ஆண்டுகளில், நிலத்துக்கு உரியவர்களின் ஒப்புதலைப் பெறாமல் தொடங்கப்பட்ட ஒரு தொழில், அந்தக் கேள்வியிலிருந்து தப்ப முடியவில்லை என்பது தெளிவாகிறது.

இந்தியாவும் பாக்சைட் நிலத்தில் இதே கேள்வியைச் சந்தித்துள்ளது. ஒடிசாவின் நியமகிரி மலையில் சுரங்கம் அமைப்பது குறித்து கிராம சபைகள் முடிவெடுக்க வேண்டும் என உச்ச நீதிமன்றம் 2013 ஏப்ரல் 18-இல் தீர்ப்பளித்தது. அதன்படி கூடிய 12 கிராம சபைகளும் திட்டத்தை நிராகரித்தன. கோவ் மக்களுக்கு 1960-களில் கிடைக்காத வாய்ப்பு, டோங்ரியா கோண்ட் பழங்குடியினருக்குக் கிடைத்தது.

சுரங்கத் தொழிலின் குரலாக

1983-ஆம் ஆண்டு ஆஸ்திரேலிய சுரங்கத் தொழில் மன்றத்தின் செயல் இயக்குநராக ஸ்ட்ராங் பொறுப்பேற்றார். அக்காலத்தில் பாப் ஹாக் தலைமையிலான தொழிலாளர் கட்சி அரசு, நாடு முழுவதற்குமான பூர்வகுடி நில உரிமைச் சட்டத்தைக் கொண்டுவரத் திட்டமிட்டிருந்தது. சுரங்கத்தை மறுக்கும் அதிகாரம் நில உரிமையாளர்களுக்குக் கிடைத்துவிடக் கூடாது என்று சுரங்கத் தொழில் அமைப்புகள் கடுமையாக வாதிட்டன. 1986-ஆம் ஆண்டு அரசு அத்திட்டத்தைக் கைவிட்டது.

ஸ்ட்ராங்கின் வாழ்வைப் புகழ்ந்து எழுதப்படும் குறிப்புகள் இந்தப் பகுதியை விரைவாகக் கடந்துவிடுவது வழக்கம். ஊழியர்களின் குரலைக் கேட்பதைத் தொழிலாகக் கற்ற ஒருவர் தலைமை வகித்த அமைப்பு, பூர்வகுடிகளின் மறுக்கும் உரிமையை எதிர்த்து நின்றது என்பது அவரது வரலாற்றில் உள்ள முரண். நிறுவனத்துக்குள் இருப்பவர்களின் ஒத்துழைப்பைப் பெறுவதில் காட்டப்பட்ட அக்கறை, நிறுவனத்துக்கு வெளியே பாதிக்கப்படுவோர் வரை நீளவில்லை.

பெயரை மாற்றிய விமான நிறுவனம்

1980-களின் நடுப்பகுதியில், அரசுக்குச் சொந்தமான உள்நாட்டு விமான நிறுவனமான டிரான்ஸ் ஆஸ்திரேலியா ஏர்லைன்ஸ் ஸ்ட்ராங்கிடம் ஒப்படைக்கப்பட்டது. அந்நாளில் உள்நாட்டு வழித்தடங்களை அரசு நிறுவனமும் தனியார் நிறுவனமான அன்செட்டும் மட்டுமே பகிர்ந்துகொள்ளும் கொள்கை நடைமுறையில் இருந்தது. கட்டணமும் இருக்கைகளின் எண்ணிக்கையும் கட்டுப்படுத்தப்பட்ட சந்தையில், பயணியைக் கவர வேண்டிய தேவை இரு நிறுவனங்களுக்குமே பெரிதாக இருக்கவில்லை.

அந்தப் பாதுகாப்பு நீண்ட நாள் நீடிக்காது என்பது தெரிந்தே ஸ்ட்ராங் செயல்பட்டார். 1986-ஆம் ஆண்டு நிறுவனத்தின் பெயர் 'ஆஸ்திரேலியன் ஏர்லைன்ஸ்' என மாற்றப்பட்டது. இரு நிறுவனக் கொள்கை 1990 அக்டோபரில் முடிவுக்கு வந்தபோது, போட்டியைச் சந்திக்க ஓரளவு ஆயத்தமான அமைப்பாக அது இருந்தது.

ஆனால், ஆஸ்திரேலிய விமானத் துறையின் மிகப்பெரிய தொழில் தகராறும் அக்காலத்தில்தான் வெடித்தது. 1989 ஆகஸ்டில் ஊதிய உயர்வு கோரிய உள்நாட்டு விமானிகள், ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கூட்டாகப் பதவி விலகினர். ஹாக் அரசு விமானப் படையின் விமானங்களைக் கொண்டு பயணிகளை ஏற்றிச் சென்றது. ஸ்ட்ராங் அந்த ஆண்டிலேயே விமான நிறுவனத்தை விட்டு விலகி, பின்னர் முன்னணிச் சட்ட நிறுவனம் ஒன்றின் தலைமைப் பொறுப்புக்குச் சென்றார்.

குவாண்டாஸ்: இணைப்பு, முதலீடு, விற்பனை

குவாண்டாஸின் மாற்றத்தில் ஆஸ்திரேலிய அரசு கடைப்பிடித்த வரிசை கவனிக்கத்தக்கது. 1992 செப்டம்பரில் ஆஸ்திரேலியன் ஏர்லைன்ஸை 40 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு குவாண்டாஸ் வாங்கியது. 1993 மார்ச்சில் பிரிட்டிஷ் ஏர்வேஸ் 66.5 கோடி டாலர் கொடுத்து 25 சதவீதப் பங்குகளைப் பெற்றது. அதே ஆண்டில் அரசு 135 கோடி டாலர் மூலதனம் செலுத்தி நிறுவனத்தின் கடன் சுமையைக் குறைத்தது. அதன் பின்னரே ஸ்ட்ராங் தலைமை நிர்வாகியாக அழைக்கப்பட்டார். 1995 ஜூலையில் எஞ்சிய 75 சதவீதப் பங்குகள் பொதுமக்களுக்கும் முதலீட்டாளர்களுக்கும் விற்கப்பட்டு, அரசுக்கு சுமார் 145 கோடி டாலர் கிடைத்தது. வெளிநாட்டவர் மொத்தப் பங்குகளில் 49 சதவீதத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்ற வரம்பும் சட்டத்திலேயே எழுதப்பட்டது.

இணைப்பின் இரு பக்கங்களில் ஒன்றான உள்நாட்டு நிறுவனத்தை ஏற்கெனவே நடத்தியவர் என்பது ஸ்ட்ராங்குக்குப் பெரும் துணையாக அமைந்தது. பன்னாட்டு விமானங்களில் பறந்த குவாண்டாஸ் ஊழியர்கள், உள்நாட்டு நிறுவனத்திலிருந்து வந்தவர்களை இரண்டாம் நிலையினராகக் கருதும் ஆபத்து எந்த இணைப்பிலும் இருப்பதே. புதிய தலைவர் அந்த இரண்டாவது தரப்பின் முன்னாள் தலைவராக இருந்தார். அவர் எப்போதும் அணிந்த 'போ டை' பத்திரிகைகளின் கவனத்தை ஈர்த்தது. பணியில் அவருக்குக் கைகொடுத்ததோ சுரங்க ஊரில் கற்ற தொழில் உறவு அனுபவம்.

1998-ஆம் ஆண்டு குவாண்டாஸ் 'ஒன்வேர்ல்டு' கூட்டணியின் நிறுவன உறுப்பினராகியது. 2001-ஆம் ஆண்டு தொடக்கத்தில் பொறுப்பை ஜெஃப் டிக்சனிடம் ஒப்படைத்துவிட்டு ஸ்ட்ராங் விலகினார். அதே ஆண்டு செப்டம்பரில், நீண்ட காலப் போட்டியாளரான அன்செட் நிறுவனம் வீழ்ந்தது.

இந்த வெற்றியை ஒரு தனிமனிதரின் கணக்கில் மட்டும் எழுதுவது பொருந்தாது. கடனை அடைத்தது அரசு; முன்னணிப் பங்குதாரராக வந்தது அனுபவமிக்க விமான நிறுவனம்; போட்டியாளரோ வலுவிழந்திருந்தார். இருப்பினும், சாதகமான சூழலைப் பயன்படுத்திக்கொள்ளும் அளவுக்கு நிலையான தலைமை ஏழு ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்தது என்பதே முக்கியமானது.

பாங்காக் ஓடுபாதையில் ஓர் எச்சரிக்கை

1999 செப்டம்பர் 23-ஆம் தேதி இரவு, சிட்னியிலிருந்து பாங்காக் சென்ற குவாண்டாஸ் போயிங் 747 விமானம், கனமழையில் தரையிறங்கியபோது ஓடுபாதையைக் கடந்து ஓடியது. விமானத்தில் இருந்த 410 பேரில் எவரும் உயிரிழக்கவில்லை. விமானிகளின் தவறு என்று அதை முடித்துவிட ஆஸ்திரேலியப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பு முன்வரவில்லை. நீர் தேங்கிய ஓடுபாதையில் தரையிறங்குவது குறித்த நிறுவனத்தின் நடைமுறைகளும் பயிற்சியும் போதுமானவையாக இல்லை என்று அதன் அறிக்கை சுட்டிக்காட்டியது. பாதுகாப்புக்குப் பெயர்பெற்ற நிறுவனத்துக்கு அது கசப்பான கண்டறிதல்.

அகமதாபாத்தில் 2025 ஜூன் 12-ஆம் தேதி நேர்ந்த ஏர் இந்தியா விபத்து இதனோடு ஒப்பிடத் தக்கதன்று. விமானத்தில் இருந்த 242 பேரில் 241 பேரும், தரையில் இருந்த 19 பேரும் உயிரிழந்தனர். ஆயினும், விசாரணை எவ்வளவு வெளிப்படையாக நடைபெறுகிறது, அதன் முடிவுகளைத் தனிநபர்களோடு நிறுத்திக்கொள்ளாமல் நிறுவன நடைமுறைகள் வரை கொண்டு செல்ல விருப்பம் உள்ளதா என்ற கேள்விகள் இரண்டுக்கும் பொதுவானவை.

இந்தியா தவறவிட்ட ஆண்டுகள்

1990-களின் முற்பகுதியில் இந்தியாவும் ஏறத்தாழ இதே சோதனையைச் செய்து பார்த்தது. டாடா ஸ்டீல் நிறுவனத்தின் சுரங்கங்களையும் உருக்காலைகளையும் நிர்வகித்து, தொழிலாளர்களோடு நெருங்கிப் பழகுபவர் எனப் பெயரெடுத்த ரூசி மோடி, 1993-ஆம் ஆண்டு அந்நிறுவனத்தை விட்டு வெளியேறிய பின் ஏர் இந்தியா, இந்தியன் ஏர்லைன்ஸ் ஆகிய இரண்டுக்கும் தலைவராக நியமிக்கப்பட்டார். ஸ்ட்ராங் குவாண்டாஸுக்கு வந்ததும் அந்த ஆண்டுதான். ஒருவர் ஏழு ஆண்டுகளுக்கு மேல் நீடித்தார். மற்றவரின் பதவிக்காலம் நெடுநாள் நீடிக்கவில்லை. அமைச்சகத்தின் பிடி தளராத நிறுவனத்தில், எத்தகைய தலைவராலும் அடிப்படை முடிவுகளைத் தாமாக எடுக்க முடியவில்லை.

ஏர் இந்தியாவும் இந்தியன் ஏர்லைன்ஸும் 2007-ஆம் ஆண்டுதான் இணைக்கப்பட்டன. கடன் தீர்க்கப்படவில்லை, மூலதனம் உரிய நேரத்தில் வரவில்லை, எல்லாவற்றுக்கும் மேலாக, இரு நிறுவன ஊழியர்களின் பணிமூப்பும் ஊதியமும் ஒருங்கிணைக்கப்படாமலே இணைப்பு அறிவிக்கப்பட்டது. அதன் விளைவு 2012-இல் வெளிப்பட்டது. புதிய போயிங் 787 விமானங்களில் இந்தியன் ஏர்லைன்ஸ் விமானிகளுக்கும் பயிற்சி அளிப்பதை எதிர்த்து, ஏர் இந்தியா விமானிகள் 58 நாள்கள் பணியைப் புறக்கணித்தனர். இணைப்பு நடந்து ஐந்து ஆண்டுகள் கடந்த பிறகும் அவர்கள் ஒரே நிறுவனத்தவராக ஆகியிருக்கவில்லை.

2018-ஆம் ஆண்டு 76 சதவீதப் பங்குகளை விற்க அரசு முயன்றபோது ஒருவரும் விலை கேட்க முன்வரவில்லை. 2022 ஜனவரி 27-ஆம் தேதி டாடா குழுமத்திடம் நிறுவனம் ஒப்படைக்கப்பட்டபோது, 2021 ஆகஸ்ட் இறுதி நிலவரப்படி 61,562 கோடி ரூபாயாக இருந்த கடனில் 15,300 கோடியை மட்டுமே டாடா ஏற்றது. எஞ்சிய 46,262 கோடி ரூபாய் அரசின் தனி நிறுவனத்துக்கு, அதாவது வரி செலுத்துவோரின் தோளுக்கு மாற்றப்பட்டது. ஆஸ்திரேலிய அரசு விற்பனைக்கு முன்பே செய்த கடன் தீர்ப்பை, இந்தியா பல மடங்கு செலவில் இறுதியில் செய்ய நேர்ந்தது.

வெற்றிக்குப் பின் எஞ்சியது

குவாண்டாஸின் கதையும் 2001-இல் மகிழ்ச்சியாக முடிந்துவிடவில்லை. ஊழியர் சங்கங்களுடனான மோதலின் உச்சமாக, 2011 அக்டோபர் 29-ஆம் தேதி அதன் விமானங்கள் அனைத்தையும் அன்றைய தலைமை நிர்வாகி ஆலன் ஜாய்ஸ் தரையிறக்கினார். உலகெங்கும் பல்லாயிரக்கணக்கான பயணிகள் நடுவழியில் நின்றனர். அப்போதைய இயக்குநர் குழுவின் தலைவர், ரியோ டின்டோ சுரங்க நிறுவனத்தின் முன்னாள் தலைமை நிர்வாகியான லீ கிளிஃபர்ட். 2006-ஆம் ஆண்டு இயக்குநராகத் திரும்பியிருந்த ஸ்ட்ராங்கும் அக்குழுவில் இருந்தார்.

2020-இல் தரைப்பணிகள் வெளி நிறுவனங்களுக்கு அளிக்கப்பட்டன. ஊழியர்கள் தங்கள் தொழில் உரிமைகளைப் பயன்படுத்துவதைத் தடுக்கும் நோக்கமும் அம்முடிவில் இருந்தது என நீதிமன்றங்கள் கண்டன. இழப்பீடாக 12 கோடி டாலரும், அபராதமாக 9 கோடி டாலரும் என மொத்தம் 21 கோடி டாலர் குவாண்டாஸின் செலவாயிற்று. அபராதத்தில் 5 கோடி டாலர், வழக்கை நடத்திய போக்குவரத்துத் தொழிலாளர் சங்கத்துக்கே வழங்கப்பட்டது. ஆஸ்திரேலியத் தொழில் உறவுச் சட்ட வரலாற்றில் ஒரு நிறுவனத்துக்கு விதிக்கப்பட்ட மிகப்பெரிய அபராதம் இதுவாகும்.

ஸ்ட்ராங் மறைந்து பல ஆண்டுகளுக்குப் பின் எடுக்கப்பட்ட இம்முடிவுக்கு அவரைப் பொறுப்பாக்க இயலாது. ஆனால், ஒரு நிறுவனத்தின் நல்ல தொழில் உறவு ஒரு தலைவரின் அனுபவத்தை மட்டும் சார்ந்திருந்தால், அவர் சென்றபின் அது நிலைக்காது என்பதை இது காட்டுகிறது. பங்குதாரர்களுக்கான விதிகள் சட்டத்தில் எழுதப்பட்டன. ஊழியர்களுடன் எவ்வாறு நடந்துகொள்வது என்பது ஒவ்வொரு தலைவரின் விருப்பத்துக்கு விடப்பட்டது.

ஏர் இந்தியா முன்னுள்ள சோதனை

டாடா குழுமத்தின் கீழ் நான்கு நிறுவனங்கள் இரண்டாகக் குறைக்கப்பட்டுள்ளன. விஸ்தாரா 2024 நவம்பர் 12-இல் ஏர் இந்தியாவுடன் இணைந்தது. முன்னர் ஏர் ஏசியா இந்தியாவாக இருந்த நிறுவனம் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸுடன் இணைந்தது. 2023 பிப்ரவரியில் 470 விமானங்கள் வாங்குவதற்கான அறிவிப்பும் வெளியானது. விமானங்களைப் பணம் கொடுத்து வாங்கிவிடலாம். நான்கு வகையான பணி மரபுகளிலிருந்து வந்த ஊழியர்களை ஒன்றாக்குவதே கடினமான பகுதி.

அதன் முன்னோட்டம் 2024 மே மாதம் தெரிந்தது. ஏர் இந்தியா எக்ஸ்பிரஸின் விமானப் பணிக்குழுவினர் பெருமளவில் உடல்நலக் குறைவைக் காரணம் காட்டி விடுப்பு எடுத்ததால் ஏராளமான விமானங்கள் ரத்தாயின. முதலில் சிலரைப் பணிநீக்கம் செய்த நிர்வாகம், தலைமைத் தொழிலாளர் ஆணையர் முன்னிலையில் நடந்த பேச்சுக்குப் பின் அவர்களை மீண்டும் ஏற்றது. பணிநீக்கக் கடிதத்துக்கு முன்பே அந்தப் பேச்சு நடந்திருந்தால், பயணிகள் விமான நிலையங்களில் காத்துக்கிடந்திருக்க மாட்டார்கள்.

2025 டிசம்பரில் இண்டிகோ சந்தித்த நெருக்கடியும் வேறொரு வடிவில் இதையே உணர்த்தியது. விமானிகளுக்கான கூடுதல் ஓய்வு விதிகள் முன்கூட்டியே அறிவிக்கப்பட்டிருந்தும், அதற்கேற்பப் பணியாளர்களை ஆயத்தப்படுத்தாததால் ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்கள் ரத்து செய்யப்பட்டன. ஊழியர்களின் ஓய்வைச் செலவாக மட்டும் கணக்கிடும் நிறுவனம், அந்தக் கணக்குத் தவறும்போது பயணிகளிடம் விலை வசூலிக்கிறது.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள தொழில் உறவுத் தொகுப்புச் சட்டம், வேலைநிறுத்தத்துக்கு முன் 14 நாள் அறிவிப்பைக் கட்டாயமாக்கியுள்ளது. பணிநீக்கத்துக்கு அரசின் முன்அனுமதி தேவைப்படும் வரம்பு 100 தொழிலாளர்களிலிருந்து 300 ஆக உயர்த்தப்பட்டுள்ளது. நிர்வாகங்களின் கை இதனால் ஓங்கியிருக்கிறது என்பதில் ஐயமில்லை. அந்தக் கூடுதல் அதிகாரத்தைப் பயன்படுத்தும் முன், சட்டப்படி தனக்கு அதிகாரம் உண்டு என நம்பி 2020-இல் முடிவெடுத்த குவாண்டாஸ், ஐந்து ஆண்டுகளுக்குப் பின் செலுத்திய தொகையை ஏர் இந்தியாவும் இண்டிகோவும் கணக்கில் கொள்வது நல்லது.

நுலன்பாயில் ஒரு தொழில் உறவு அலுவலராகத் தொடங்கியவர், ஒரு நாட்டின் விமான நிறுவனத்தை மாற்றியமைத்தார். இந்திய விமான நிறுவனங்கள் வெளிநாடுகளிலிருந்து விமானப் போக்குவரத்து வல்லுநர்களைத் தலைமைப் பொறுப்புகளுக்கு அழைத்து வருகின்றன. தொழில் உறவைக் கற்றவர்களுக்கு அவற்றின் இயக்குநர் குழுக்களில் எத்தனை இருக்கைகள் ஒதுக்கப்படுகின்றன என்பது இனிமேல்தான் தெரியவரும்.